நீ உள்ளே வந்த நிமிடங்கள்

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று பி.டி. டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க டீச்சர்" என்றேன்.

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான். அவள் ஒரு கோல்கூடப் போடவில்லை, நோட்டில் இருப்பது சரிதான். ஆனால் அவள் உள்ளே வந்த பிறகுதான் மல்லிகாவுக்குக் கோல் விழுகிறது. எதிரணியில் இரண்டு பேர் அவளைத் துரத்திக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள், நடுவில் இடம் கிடைக்கிறது. வேலூருக்கு எங்கள் இருவரில் ஒருத்தியைத்தான் அழைத்துப் போக முடியும் என்றால் அவளை அழைத்துப் போங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அறையில் டீச்சரும் கேப்டன் செண்பகமும் நானும் மட்டும்தான் இருந்தோம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்த அவள் நீதான். அதன் பிறகு ஆறு வருஷம் நீ இருந்தாய். உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நீ போய் ஒரு வருஷம் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன், எந்த விலாசத்துக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்ற தைரியத்தில்.

இன்று காலை எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். அதைப் பற்றி எழுத இப்போது ஒன்றுமில்லை. அவர் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் வெள்ளை எனாமலின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு அது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தின் வாசனை. வாரம் முழுக்க அடி வாங்கிப் பெயிண்ட் உரிந்துபோன ஹாக்கிப் பந்துகளுக்கு நீ வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வெள்ளை அடிப்பாய். ஒரு பலகையில் மூன்று மூன்று ஆணியாக அடித்து வைத்திருந்தாய். ஆணி முனைகளின் மேல் பந்தை உட்காரவைத்தால் எதிலும் ஒட்டாமல் காயும். மறுநாள் பந்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்று சின்னப் புள்ளிகள் இருக்கும். "ரெண்டு கண்ணு, ஒரு வாய். பாத்து அடிங்கடி, பாவம்" என்பாய்.

டீமில் ஆடுபவர்களுக்கு ஆட்டம் மட்டும். எக்ஸ்ட்ராக்களுக்கு ஆளுக்கொரு வேலை உண்டு என்பது டீச்சரின் ஏற்பாடு. உன் வேலை பந்து. என் வேலை நோட்டு.

மூன்று எக்ஸ்ட்ராக்களில் ஒருத்தி பின்னால் நின்று தடுப்பவள். நீயும் நானும் ஃபார்வர்டு. உயரமான பெண்ணைக் கண்டால் கையில் ஸ்டிக்கைக் கொடுத்துவிடுவது டீச்சரின் பழக்கம், அப்படித்தான் நான் வந்தேன். உயரத்துக்கு மேல் என்னிடம் ஒன்றும் கிடையாது. லைப்ரரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் கொட்டகையில் பட்டு நூலைச் சோப்புப் போட்டு வேகவைக்கிற வாசனை வந்துகொண்டே இருக்கும். நீ வந்து தலைக்கு மேல் நின்று, "எத்தினியாவது பக்கம்? எவன் செத்தான்?" என்று கேட்பாய். சொல்லாவிட்டால் விடமாட்டாய். கதையைச் சுருக்கமாகச் சொன்னதும், "இதுக்கா இம்மாம் பெரிய பொஸ்தகம்?" என்று சொல்லிவிட்டு ஓடிப்போவாய்.

உன் ஊர், ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற ரோட்டில் நாலு ஸ்டாப் தள்ளி. முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நீ நடந்து வந்து நான் பார்த்ததில்லை. காலை நேரத்தில் எங்கள் தெருவில் பாவு போட்டிருப்பார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கழிகளின் மேல் பட்டு இழைகள் இழுத்துக் கட்டியிருக்கும். அதை முடித்துச் சுருட்டுகிறவரை சைக்கிள்கூட அந்தப் பக்கம் வராது, எல்லோரும் பின்தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். நீ மட்டும் சுவருக்கும் பாவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழ இடத்தில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவாய்.

"ஏ பொண்ணு, ஒரு இழை அறுந்துச்சின்னா நேரா உங்க ஊட்டுக்கே வந்துடுவேன்" என்று கஞ்சி போட்டுக்கொண்டிருப்பவர் கத்துவார்.

"வாங்கண்ணா, கூழு ஊத்தறோம்" என்று ஓட்டத்தை நிறுத்தாமல் சொல்வாய்.

ஒரு இழையும் அறுந்ததில்லை. கொஞ்ச நாளில் அவரும் சும்மா ஒரு பேச்சுக்காகத்தான் கத்தினார் என்று நினைக்கிறேன்.

நோட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தா. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நானாகக் கட்டம் போட்டு எழுதினேன். எந்த ஊர் அணி, யார் எந்த இடத்தில் ஆடினார்கள், யார் போட்ட கோல், எத்தனையாவது நிமிடத்தில், யாருக்குப் பதிலாக யார் எப்போது உள்ளே போனார்கள் என்று எல்லாம் இருக்கும். அப்பாவின் பழைய கைக்கடிகாரம் என்னிடம் இருந்ததால் நிமிடம் தவறாது. வெளியூர் டீச்சர்கள் வந்தால், "எங்க டீமுக்கு ஆபீஸே இருக்கு பாருங்க" என்று டீச்சர் என்னையும் நோட்டையும் சேர்த்துக் காட்டுவார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஸ்டிக் பிடித்து வராத மரியாதை பேனா பிடித்து வந்தது.

போளூர் அணியோடு ஆடிய நாள் உனக்கு நினைவிருந்திருக்குமா? முதல் பாதியில் நமக்கு ஒன்றும் விழவில்லை. நம் செண்டர் ஃபார்வர்டு மல்லிகா பந்தை வாங்கிய இடத்திலேயே மூன்று பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள். இரண்டாம் பாதியில் இடதுபக்கம் ஆடியவளுக்குக் காலில் அடிபட்டதும் டீச்சர் உன்னை இறக்கினார். உள்ளே போன நீ பந்து எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இடது மூலைக் கொடியைப் பார்த்து ஓடினாய், கையைத் தூக்கிக்கொண்டு, "குடுடி, குடுடி" என்று கத்திக்கொண்டு. யாரும் கொடுக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி ஓடினாய். அப்போதும் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை போளூர்ப் பெண்கள் இரண்டு பேர் உன்னோடு சேர்ந்து மூலைக்கு ஓடினார்கள். மல்லிகா தனியாக நின்றாள். பந்து அவளிடம் வந்தது.

எல்லோரும் ஓடிப்போய் மல்லிகாவைக் கட்டிக்கொண்டார்கள். நீ மூலைக்கொடி பக்கத்தில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். சிரித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் அந்தப் பக்கம்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது கேட்டேன். "பந்து உன்கிட்ட வரவே இல்லையே. எதுக்கு அப்படி ஓடின?"

"அய்ய, பந்து வந்தாதான் ஓடணுமா? நான் ஓடிகினே கெடந்தா அவளுங்களுக்கு பேஜாரு. இவ எதுக்கு இப்படிக் கத்திகினு ஓடறா, இன்னாமோ கீதுன்னு பின்னாலயே வருவாளுங்க. மல்லி சும்மா நிப்பா. அவளுக்கு அது போதும்."

"அப்போ குடு குடுன்னு கத்தினது பொய்யா?"

"பொய் இன்னாடி? குடுத்திருந்தா அடிச்சிருப்பேன். குடுக்க மாட்டாளுங்கன்னு தெரியும், அவ்ளோதான்."

"இதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுதாத. போளூர்க்காரி படிச்சிட்டான்னா அடுத்த தபா என் பின்னால வரமாட்டா."

நான் எழுதவில்லை. நீ சொன்னது வேடிக்கைக்கு. நான் எழுதாதது, அதற்கென்று கட்டம் இல்லாததால்.

என் ஒரே கோலையும் சொல்லிவிடுகிறேன். வந்திருந்த அணி சின்னப் பெண்களின் அணி. நாம் ஏற்கெனவே மூன்று கோல் போட்டிருந்தோம். எக்ஸ்ட்ராக்களும் கொஞ்சம் ஆடட்டும் என்று நம் இருவரையுமே டீச்சர் இறக்கினார். நீ ஓரத்திலிருந்து பந்தைக் கோலைப் பார்த்து அடித்தாய். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். நகரத் தெரியாமல்தான் நின்றேன். பந்து என் ஸ்டிக்கில் உரசிவிட்டு உள்ளே போனது. உரசாவிட்டாலும் போயிருக்கும், கோல்கீப்பர் அந்தப் பக்கம் விழுந்து கிடந்தாள். சாயங்காலம் நோட்டில் உன் பெயரை எழுதினேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு நீ விடவில்லை.

"என் பேரு எதுக்கு? கடைசியா உன் ஸ்டிக்லதான பட்டுச்சு. ரூல்னா ரூல். அடிச்சிட்டு உன் பேர எழுது. ஊட்ல காட்டு, உங்க அம்மா சந்தோசப்படுவாங்க."

"அம்மாவுக்கு ஹாக்கின்னா என்னன்னே தெரியாது."

"கோலுன்னா தெரியுமில்ல. எழுது. நோட்டு பொய் சொல்லக் கூடாது."

உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

ப்ளஸ் டூ புதிதாக வந்திருந்த சமயம் அது. நாம் அதன் கடைசி வருஷத்தில் இருந்தோம். வேலூரில் நடக்கும் டிவிஷன் போட்டிக்குப் போய் வருகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். களத்தில் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அதைக் காட்டினால் கல்லூரியில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தைக் கேட்கலாம், ஹாஸ்டல் இலவசம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து உனக்கு வேறு பேச்சே இல்லை.

"மார்க்க நம்பி நான் எங்க காலேஜுக்குப் போறது? பாஸ் பண்ணுவேன், அத்தோட சரி. எனக்கு அந்தப் பேப்பருதான்" என்றாய் ஒருநாள், பந்தைப் பலகையில் வைத்துக்கொண்டே. "தேவிகாபுரத்துல மாமன் ஊட்ல பொண்ணு கேட்டுகினே கீறாங்க. நைனாவும் சரின்னுடுவாரு போல கீது. பேப்பரு மட்டும் கைக்கு வரட்டும், நானே அவருகிட்ட பேசிக்கிறேன். செலவே இல்லன்னா அவரு இன்னா சொல்லப் போறாரு? மூணு வருசம் தள்ளிப்போவும்."

"மூணு வருஷம் கழிச்சு?"

"அப்போ வேற எதுனா பேப்பரு வரும்" என்று சிரித்தாய்.

எனக்கு மார்க் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சான்றிதழ் எனக்குத் தேவையே இல்லை.

பதின்மூன்று பேருக்குத்தான் அனுமதி என்று கடிதம் வந்தது. நாம் பதினான்கு பேர். பதினொருவர் போக, பின்னால் ஆட ஒரு எக்ஸ்ட்ரா, முன்னால் ஆட ஒரு எக்ஸ்ட்ரா. அந்தக் கடைசி இடம் உனக்கா எனக்கா என்பதுதான் மிச்சம். வியாழக்கிழமை கடைசி பீரியடில் டீச்சர் என்னை நோட்டோடு விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், செண்பகம் வலை மூட்டையின் மேல். யாரைப் பற்றி முடிவு எடுக்கிறோமோ அவளையே படிக்கச் சொல்கிறோமே என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. எழுதியிருப்பதைப் படிக்க யாராக இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார். அவர் அப்படி என்னை நம்பினார்.

"ரெண்டு பேருக்கும் என்ன எழுதியிருக்கு, படிம்மா. எனக்கு வேண்டியவ வேண்டாதவன்னு கிடையாது. நோட்டு என்ன சொல்லுதோ அதுதான்."

படித்தேன். நீ ஒன்பது ஆட்டம், கோல் இல்லை. நான் நாலு ஆட்டம், ஒரு கோல்.

"ஆனா அவ நல்லா ஓடறா டீச்சர்" என்றாள் செண்பகம்.

"ஓடறதுக்கு ஜட்கா வண்டிக் குதிரை போதுமேம்மா. ஃபார்வர்டுன்னா பந்து உள்ள போகணும். ஒன்பது ஆட்டத்துல ஒண்ணாவது போட்டிருக்க வேணாமா? நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கேட்டா நான் எதைக் காட்டறது?"

செண்பகம் வலையின் முடிச்சை நோண்டினாள். டீச்சருக்கும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். புத்தகங்களில் எத்தனையோ பேருடைய மனசைப் பக்கம் பக்கமாகப் படித்தவளுக்குத் தன்னுடையதைப் படிக்க ரொம்ப நாளானது. விளையாட்டுக்கென்று எழுதப்பட்ட ஒரு பட்டியலில் ஒரே ஒரு தடவை என் பெயர் இருக்கட்டும் என்ற ஆசை இருந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொன்றும் இருந்தது. நீ என்ன செய்கிறாய் என்று சொன்னால், அது ஏன் நோட்டில் இல்லை என்று டீச்சர் கேட்பார். என் நோட்டில் ஒரு குறை இருக்கிறது என்று நானே சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு மனசில்லை. உன்னை விட அந்தக் கட்டங்கள் எனக்கு முக்கியமாக இருந்தன.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் பெயர்களைப் படித்தார்கள். அன்று சாயங்காலம் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்திருந்தாய். பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலூருக்குக் கொண்டுபோகிற பந்துகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் போய் நின்றேன். கண் சிவந்திருந்தது. அது எனாமல் நெடியால்கூட இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"நீதான் படிச்சியாமே" என்றாய் தலையைத் தூக்காமல்.

"ம்."

"செண்பகம் சொன்னா. எதுக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு நிக்கற? நீ இன்னா பண்ணுவ, இருக்கறதத்தான படிக்க முடியும். நோட்டு பொய் சொல்லாதுடி."

நான் டப்பாவின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கலாம் நான். அந்தச் சின்னப் பசங்க மேட்சுல" என்றாய். பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல அவசரமாக எழுந்து, உன் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வந்தாய். அதன் கழுத்தில் விரிசல் விட்ட இடத்தில் பட்டறையில் கழித்த பட்டு நூலைக் கோந்து தடவி நெருக்கமாகச் சுற்றியிருந்தாய். கறுப்பும் அரக்கும் கலந்த நூல். "உன்னுது உளுத்துப்போச்சு. இத எடுத்துகினு போ. கைல வழுக்காது. எறக்கினாங்கன்னா பந்தப் பாக்காத, ஓடு."

எடுத்துக்கொண்டு போனேன்.

வேலூரில் முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். இரண்டு நாளும் உன் ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மல்லிகாவைச் சுற்றி எந்நேரமும் மூன்று பேர். அவள் பந்தை வாங்குவதும் இழப்பதுமாக இருந்தாள். "நம்ம ஊர்ல நடுவுல இடம் கிடைச்சுதே, இங்க ஏன் கிடைக்க மாட்டேங்குது?" என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். என்னை இறக்கிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. இடம் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும் தெரியும். அப்போதும் நான் பேசவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்து முதல் ஆட்டத்திலிருந்து பார்த்தேன். நீ உள்ளே போன நிமிடம் ஒரு கட்டத்தில், கோல் விழுந்த நிமிடம் இன்னொரு கட்டத்தில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. நீ ஆடிய ஒன்பது ஆட்டத்தில் நாம் போட்டது பதினான்கு கோல். அதில் பத்து, நீ உள்ளே வந்த பிறகு விழுந்தவை. ஒரு ஆட்டத்திலும் நீ பாதிக்கு மேல் ஆடியதில்லை. நோட்டில் எல்லாம் இருந்தது. என் கையால், என் கடிகாரத்தைப் பார்த்து, நானே எழுதியது. நீ சொன்னதுபோல அது பொய் சொல்லவில்லை. நான் ஒரு கட்டத்தை மட்டும் படித்துவிட்டு மூடினேன்.

டீச்சர் இரண்டு சீட் முன்னால் ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். எழுப்பிக் காட்டியிருக்கலாம். பெயர்ப் பட்டியல் போய்விட்டது, இனி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன். ஊர் வந்ததும் ஸ்டிக்கைச் செண்பகத்திடம் கொடுத்து உன்னிடம் சேர்க்கச் சொன்னேன்.

பிறகு பரீட்சை வந்தது. உன்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகப் பழகினேன். நீ பாஸ் செய்தாய், சொன்னபடியே, அத்தோடு சரி. ஆவணியில் தேவிகாபுரத்தில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நாலு வருஷம் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் நீதான் என்னை முதலில் பார்த்தாய். எனக்குச் செய்யாற்றில் தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்திருந்த புதிது. இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்துக்குள் புகுந்து வளைந்து நெளிந்து வந்து நின்றாய். மெலிந்திருந்தாய். குரல் மட்டும் அதே குரல்.

"இன்னாடி, ஆபீசரம்மா ஆயிட்டியாமே. பொஸ்தகம்லாம் படிக்கிறியா, இல்ல எல்லாரும் செத்துட்டாங்களா?"

சிரித்தேன். எதையெதையோ பேசினோம். உன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாய். களத்துமேட்டில் பெண்கள் ஓட்டப்பந்தயம் வைத்தால் நீதான் முதலில் வருவாய் என்று பெருமை அடித்தாய். செய்யாறு பஸ் வந்து நின்றது. நான் ஏறப் போகும்போது கேட்டாய்.

"ஏண்டி, அந்த வேலூர் மேட்சுல உன்ன எறக்கினாங்களா? நான் கேக்கவே இல்ல பாரு."

"பத்து நிமிஷம்" என்றேன்.

"ஓடினியா?"

"ஓடினேன்."

"பந்து இல்லாமயா?"

தலையாட்டினேன். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிள்ளையின் பக்கம் திரும்பி, "கேட்டியாடா, உங்க சித்தி ஓடினாளாம்" என்றாய். அவன் உன் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாக நீ கூட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடைவெளி தெரிந்தால் போதும், உடனே அதற்குள் போய்விடுகிறாய்.

அதன் பிறகு உன்னைப் பார்க்கவில்லை. போன வருஷம் கடைத்தெருவில் மல்லிகாவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். இரண்டாவது பிரசவம். வலி எடுத்தும் ரொம்ப நேரம் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். வண்டி கிடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவள் சொன்னபோது பதினைந்து நாள் ஆகியிருந்தது. வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை. "எனக்கு அவ இல்லாத மேட்சுல எல்லாம் பந்தே கெடைக்காது. ஏன்னு அப்போ புரியல" என்றாள் மல்லிகா. அவளுக்குக் கட்டமும் கடிகாரமும் இல்லாமலே தெரிந்திருந்தது. நாங்கள் இருவரும் கடைத்தெருவில் நின்றோம், யாரும் அழவில்லை. அழுகை எனக்கு மூன்று நாள் கழித்து, ஆபீஸில், ஒரு மனுவைப் பதிவேட்டில் பதிந்துகொண்டிருந்தபோது வந்தது.

இப்போதும் மைதானத்தில் யாராவது ஆடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் நிற்பேன். பார்ப்பவர்கள் எல்லோருடைய தலையும் பந்து போகிற பக்கம் திரும்பும். என் கண் அங்கே போவதில்லை. எதிர்ப்பக்க ஓரத்தில், யாரும் பந்து கொடுக்காத இடத்தில், கையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடுகிறார்களா என்று தேடுகிறேன். சில நாள் ஒருவர் இருப்பார். ஆட்டம் முடியும்வரை அவரை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இதுதான் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடமும் சொல்வேனா என்று தெரியவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். அந்த வருஷம் கல்லூரியில் எனக்கு மார்க்கிலேயே இடம் கிடைத்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டுகூடப் போகவில்லை. வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் அங்கிருந்த விளையாட்டு ஆசிரியை ஒவ்வொரு வகுப்பாக வந்தார். ஹாக்கிக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்ததாகவும், ஒன்றுக்குத்தான் ஆள் வந்ததாகவும், இங்கே யாராவது ஆடியிருந்தால் கையைத் தூக்கும்படியும் சொன்னார். நான் தூக்கவில்லை. அந்த இன்னொரு இடத்துக்குக் கடைசிவரை யாரும் வரவில்லை.